பிள்ளை வளர்ச்சி: பொம்மையும் ஆப்பும் தர முடியாதது எது? முதல் 3 ஆண்டுகளில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

"ஒன்றரை வயசாச்சு டாக்டர், இன்னும் 'அம்மா'ன்னுகூடக் கூப்பிட மாட்டேங்குறான்."

குழந்தைநல மருத்துவர்கள் இளம் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் வரி இது. வீட்டில் இதே கவலையைச் சொன்னால் கிடைக்கும் பதில் வேறு. "உன் வீட்டுக்காரனே மூணு வயசுலதான்மா வாயைத் திறந்தான். இப்ப என்ன பேச்சு பேசுறான் பாரு" என்பார் மாமியார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் ஃபிளாஷ் கார்டு லிங்க் அனுப்புவார். இன்னொருவர் மூளை வளர்ச்சிக்கான பொம்மை என்று 3 ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுவார். மூன்றாமவர், "எல்லாம் போனால வர்றதுதான்" என்று பயமுறுத்திவிட்டுப் போவார்.

இதில் எதைக் கேட்பது, எதை விடுவது?

குழந்தை வளர்ச்சி பற்றிக் கடந்த 50 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரு எளிய விஷயத்தில் வந்து நிற்கின்றன. பிள்ளை ஒரு சத்தம் போடுகிறது, அல்லது ஒன்றைப் பார்த்துக் கை நீட்டுகிறது. பெரியவர் அதற்குப் பதில் கொடுக்கிறார். அதைக் கேட்டு பிள்ளை மறுபடி ஏதோ செய்கிறது, பெரியவரும் மறுபடி பதில் கொடுக்கிறார். நாள் முழுக்க நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பேச்சு, அறிவு, மனம் மூன்றுக்கும் அடித்தளம். எவ்வளவு முயன்றும் பிள்ளையிடமிருந்து பதில் வராவிட்டால், காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். பெற்றோர் மனதில் வைக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

முதல் 3 வருடத்தில் அப்படி என்ன நடக்கிறது?

பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளையில் சுமார் கால் பங்கு அளவுதான் இருக்கும். 3 வயதுக்குள் அது சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. 5 வயதில் 90 சதவீதம். வளர்வது அளவு மட்டுமல்ல. நரம்பு செல்களுக்கு இடையே புதுப்புது இணைப்புகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. முதல் சில ஆண்டுகளில் நொடிக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உருவாவதாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் கணக்கிடுகிறது.

உருவாகிற எல்லா இணைப்பும் நிலைப்பதில்லை. அடிக்கடி பயன்படுவது பலப்படுகிறது, பயன்படாதது உதிர்கிறது.

இதற்கு நம் மொழியோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. 1980-களில் கனடாவின் ஜேனட் வெர்க்கர் என்ற உளவியலாளர், இந்தி மொழியில் உள்ள 'ட', 'த' ஒலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார. தமிழிலும் இந்த இரண்டு ஒலிகள் உண்டு. ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களால் இவற்றைப் பிரித்து அறிவது கடினம். ஆனால், ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளால் பிரித்து அறிய முடிந்தது. அதே வகை வீட்டுக் குழந்தைகள் 10 முதல் 12 மாதத்தை எட்டும்போது அந்தத் திறன் பெருமளவு குறைந்திருந்தது. காரணம், அந்த ஒலிகளை அவர்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்பே, தனக்கு எந்த மொழி வேண்டும் என்று பிள்ளையின் மூளை தயாராகிவிடுகிறது. "இன்னும் பேசவே ஆரம்பிக்கல, இப்பவே அதுகிட்ட என்ன பேசுறது?" என்று நினைக்கும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

அப்போ, நல்ல வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா?

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா குல் தலைமையிலான குழு, 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை அறிமுகப்படுத்தியது. ஒரு பிரிவுக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து கதை படித்தார், பொம்மை வைத்து விளையாடினார். மொத்தம் 12 அமர்வுகள். வேறு குழந்தைகளுக்கு அதே நபர், அதே பேச்சு வீடியோவாகவோ ஒலியாகவோ மட்டும் தரப்பட்டது.

நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றன. வீடியோவில் பார்த்தவையும் ஒலியில் மட்டும் கேட்டவையும் கற்கவில்லை. 2003-ல் வெளியான முடிவு இது.

2010-ல் வெளியான இன்னொரு ஆய்வில், சொற்களைக் கற்பிப்பதற்கென்றே விற்கப்படும் ஒரு குழந்தைகள் டிவிடியை 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். எதையுமே பார்க்காத பிள்ளைகளைவிட அவர்கள் அதிகச் சொற்கள் கற்கவில்லை. டிவிடி இல்லாமல், அதே சொற்களைப் பெற்றோர் அன்றாட வேலைகளுக்கு நடுவே சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம் கற்றிருந்தார்கள்.

ஏன் இப்படி? வீடியோ பேசும், ஆனால் பதில் சொல்லாது. பிள்ளை 'ப்பா' என்றதும் அது திரும்பிப் பார்க்காது, பிள்ளை கை காட்டிய பக்கம் அதன் கண் போகாது. ரைம்ஸ் முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, தாகம் எடுக்கும்போது 'தண்ணி' என்று கேட்கத் தெரியாமல் இருக்கலாம். முதலாவது மனப்பாடம். இரண்டாவதுதான் பேச்சு.

எத்தனை சொல் பேசுகிறோம் என்பதா முக்கியம்?

'நாளெல்லாம் பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருங்கள்' என்ற அறிவுரையைப் பலர் கேட்டிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 4 முதல் 6 வயது வரையிலான 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்களின் மூளை எப்படி இயங்குகிறது என்றும் ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். மொழியைக் கையாளும் மூளைப் பகுதியின் செயல்பாட்டோடு ஒத்துப்போனது பெரியவர்கள் பேசிய சொற்களின் எண்ணிக்கை அல்ல. பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கைதான். குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு மாறவில்லை.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இருக்கும் நேரத்தில் பிள்ளைக்கும் பேச ஒரு முறை கொடுத்தால் போதும்.

போன் பிரச்சினை பிள்ளையின் கையிலா, நம் கையிலா?

பிள்ளை எவ்வளவு நேரம் போன் பார்க்கிறது என்று கணக்குப் பார்க்கும் வீடுகளில், பெரியவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்ற கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை.

2017-ல் அமெரிக்காவில் 38 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவரும் தன் 2 வயதுப் பிள்ளைக்கு இரண்டு புதிய சொற்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது இடையூறு இல்லை. இன்னொன்றின்போது நடுவில் ஒரு போன் கால் வரும். பேசி முடித்துவிட்டுத் தொடர வேண்டும். இரண்டு சொற்களையும் பிள்ளைகள் கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். ஆனாலும், போன் வந்து குறுக்கிட்ட சொல்லைப் பிள்ளைகள் கற்கவில்லை. மற்றதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் நடத்தியது. தாய் தன் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு சில நிமிடங்களுக்கு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருப்பார். குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும். எதற்கும் பதில் வரவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கடைசியில் அழும். தாய் பழையபடி சிரித்துப் பேசியதும் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

கடைசி வரியைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். எல்லா நேரமும் பிள்ளைக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. ஆபீஸ் கால் வரும், அடுப்பில் பால் பொங்கும், நமக்கே தலைவலி இருக்கும். விட்டுப்போவதில் தப்பில்லை. திரும்பி வந்து சேர்ந்துகொள்வதுதான் தேவை.

முகத்தில் சிரிப்பே வராத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கு வரும் மனச்சோர்வு, 'சோம்பேறித்தன'மோ 'பொறுப்பில்லாத'தோ அல்ல. சிகிச்சை உள்ள நோய். குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை என்று ஒரு தாய் சொன்னால் வீட்டார் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தாயைக் கவனிப்பதும் பிள்ளை வளர்ச்சியில் ஒரு பகுதிதான்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது என்று ஏற்கெனவே செய்யும் வேலைகளிலேயே இடம் இருக்கிறது.

* பிள்ளை பார்ப்பதை நீங்களும் பாருங்கள். நீங்கள் புத்தகத்தில் யானையைக் காட்டுகிறீர்கள், பிள்ளை ஜன்னலில் காக்காவைப் பார்க்கிறது என்றால், யானையை விட்டுவிடுங்கள். "அட, காக்கா வந்திருக்கு!" என்று காக்காவைப் பற்றிப் பேசுங்கள்.

* கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "பால் வேணுமா?" என்று கேட்டதும் நாமே "வேணும், வேணும்" என்று சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு சத்தமோ தலையாட்டலோ வரும். அதுதான் பிள்ளையின் பதில்.

* ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லுங்கள். பிள்ளை 'பஸ்' என்றால், "ஆமா, பெரிய பஸ் போகுது" என்று சொல்லுங்கள். 'தப்பு, இப்படிச் சொல்லு' என்று திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை பேச யோசிக்கும்.

* இரண்டில் ஒன்றைக் காட்டிக் கேளுங்கள். "தோசையா, இட்லியா?" என்று கேட்டால் பிள்ளை ஏதாவது ஒரு விதத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

* பழைய விளையாட்டுகளை விடாதீர்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஆளாளுக்குப் பங்கு வைத்து, கடைசியில் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். முறை வைத்துப் பேசுவதற்கான பயிற்சி அதுவேதான். முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டும் அப்படித்தான்.

நிலா காட்டிச் சோறு ஊட்டிய பாட்டிகள் செய்ததையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் கை நீட்டுகிறார், இருவரும் ஒன்றையே பார்க்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மொழி கற்க அவசியமான முதல் படி என்று இதைத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நிலாவின் இடத்தில் போன் வந்தால் சோறு வேகமாக உள்ளே போகும். கை நீட்டுவதும் பேசுவதும் நின்றுவிடும்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால், ஆபீசிலிருந்து வந்து குறை சொல்வதால் பயன் இல்லை. "அத்தை, சாப்பாட்டு நேரத்துல மட்டும் போன் வேணாமே. கீழ கூட்டிட்டுப் போய் நாய், பூனையைக் காட்டி ஊட்டலாமா?" என்று ஒரே ஒரு நேரத்துக்கு மட்டும் பேசி வைத்துக்கொள்வது நடக்கக்கூடியது. காப்பகத்தில் விடுவதாக இருந்தால் ஏசி, சிசிடிவி இருக்கிறதா என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள்? ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களா? டிவி ஓடுமா?

பேறுகால நலச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைக் கொண்டுவந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. எச்.ஆரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தமிழில் பேசுவதா, இங்கிலீஷிலா?

எல்.கே.ஜி. இன்டர்வியூவை நினைத்து, வீட்டில் "கம், சிட், ஈட் மம்மம்" என்று பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளை பேசத் தாமதமானால், "ரெண்டு மொழி பேசுறதால குழம்பிடுச்சு" என்று தமிழை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதம் ஆவதில்லை. அது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். பெற்றோர் தங்களுக்கு எந்த மொழியில் கோபப்பட, கொஞ்ச, கதை சொல்ல, கிண்டல் செய்ய வருமோ அந்த மொழியில் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. அரைகுறை இங்கிலீஷில் கட்டளைகள்தான் வரும், உரையாடல் வராது.

ஸ்கிரீனை முழுக்க நிறுத்த வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதுதான்:

* 2 வயதுக்குள்: ஸ்கிரீன் பரிந்துரைக்கப்படவில்லை
* 2 முதல் 4 வயது: நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது
* தூக்கம், பகல் தூக்கமும் சேர்த்து: 4 முதல் 11 மாதத்துக்கு 12-16 மணி நேரம், 1 முதல் 2 வயதுக்கு 11-14 மணி நேரம், 3 முதல் 4 வயதுக்கு 10-13 மணி நேரம்
* 1 வயதுக்கு மேல்: ஓடி ஆடுவது நாளொன்றுக்கு மொத்தம் 3 மணி நேரமாவது

இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமும் 2 வயதுக்குள் ஸ்கிரீன் வேண்டாம் என்றே சொல்கிறது. ஊரில் இருக்கும் தாத்தாவோடு எப்போதாவது பேசும் வீடியோ காலை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் கணக்கில் வரும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும், பிள்ளையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. சீரியல் பாட்டியின் பொழுதுபோக்குதான். பிள்ளை தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு மட்டும் போதுமா?

போதாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018-ல் வகுத்த திட்டத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன: ஆரோக்கியம், சத்துணவு, பாதுகாப்பு, பிள்ளைக்குப் பதில் கொடுக்கும் வளர்ப்பு, கற்க வாய்ப்பு. ஐந்தும் சேர்ந்தால்தான் வளர்ச்சி.

இதில் வசதியான வீடுகளிலும் கோட்டை விடுவது இரும்புச் சத்து. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு மூளை வளர்ச்சியையும் கவனத்தையும் பாதிக்கும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகும் பாலையும் பிஸ்கட்டையும் வைத்தே ஓட்டினால் இரும்புச் சத்து கிடைக்காது. பருப்பு, கீரை, முட்டை, சாப்பிடும் வீடுகளில் ஈரல், மீன் என்று மசித்துக் கொடுக்கத் தொடங்க வேண்டும். இரும்புச் சத்து சிரப் பற்றித் தடுப்பூசி போடும்போது கேட்டுக்கொள்ளலாம்.

சத்தும் கவனிப்பும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு ஜமைக்காவில் ஒரு சான்று இருக்கிறது. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வயது 9 முதல் 24 மாதம். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகள் போனார்கள். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்மார்களுக்குச் செய்து காட்டினார்கள். பயன்படுத்திய பொம்மைகள் வீட்டுப் பொருட்களில் செய்தவை.

20 ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் வந்து விளையாடியவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட சராசரியாக 25 சதவீதம் அதிகமாக இருந்தது. வாரம் ஒரு மணி நேரமும் டப்பா மூடிப் பொம்மைகளும் சாதித்தது இது.

'லேட்டாத்தான் பேசுவான்' என்று எதுவரை காத்திருக்கலாம்?

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. சிலர் சீக்கிரம் நடப்பார்கள், சிலர் சீக்கிரம் பேசுவார்கள். ஆனால், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது:

* 12 மாதத்தில் 'பப்பா, தத்தா' போன்ற மழலை இல்லை
* 12 மாதத்தில் கை நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது போன்ற சைகைகள் இல்லை
* 16 மாதத்தில் ஒரு தனிச் சொல்கூட இல்லை
* 24 மாதத்தில் 'பால் வேணும்', 'அப்பா வா' போல தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொற்கள் இல்லை
* எந்த வயதிலும், வந்த பேச்சோ பழக்கமோ திடீரென்று மறைந்துபோவது

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காது கேட்காத பிள்ளையும் சிரிக்கும், விளையாடும், வெளிச்சத்துக்கும் அசைவுக்கும் திரும்பும். அதனால் வீட்டில் தெரியாமலே போகலாம். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் மருத்துவ உலகம் வைத்திருக்கும் இலக்கு.

இன்னொரு விஷயம். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று யூடியூபில் சொல்லப்படுவது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பெயர் அல்ல. ஆட்டிசம் என்பது பிறப்பிலிருந்தே வரும் மூளை வளர்ச்சி வேறுபாடு. பெற்றோரின் வளர்ப்பால் வருவதல்ல. "நீ வேலைக்குப் போனதாலதான்" என்று தாயைக் குற்றம் சொல்வதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை. போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று காத்திருப்பதும் சரியல்ல. போனையும் குறைக்கலாம், பரிசோதனைக்கும் போகலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாம்.

யாரிடம் போவது?

முதலில் குழந்தைநல மருத்துவர். தேவைப்பட்டால் அவர் செவித்திறன் நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், குழந்தை வளர்ச்சி நிபுணர் ஆகியோரிடம் அனுப்புவார்.

தனியாரில் தெரபி செலவு தாங்காது என்று நினைப்பவர்களுக்கு அரசு வழி உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. வளர்ச்சித் தாமதம் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். உங்கள் மாவட்ட மையம் எங்கே இருக்கிறது என்பதை அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

அங்கன்வாடியையும் மறந்துவிட வேண்டாம். சத்துமாவு மட்டும் தரும் இடமல்ல அது. எடை, உயரம் பார்ப்பதும் முன்பருவக் கல்வியும் அங்கன்வாடியின் வேலைகள்தான். தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் பிள்ளை இயல்பாக விளையாடும் ஒரு நிமிட வீடியோவை எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைவிட அந்த வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும். கூப்பிட்டால் திரும்புகிறதா, எதைக் காட்டிக் கேட்கிறது, எத்தனை சொற்கள் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்வதும் உதவும்.

தாய்சேய் நலப் பதிவு அட்டையில் தடுப்பூசித் தேதிகளோடு, எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற வளர்ச்சிப் படிகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஊசி போட்டதும் பீரோவுக்குள் போய்விடும் அந்த அட்டையை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 9 மாத ஊசிக்கும், 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டருக்கும் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். "எடை சரியா இருக்கா?" என்று கேட்பதோடு, "இந்த வயசுக்கு இவன் பேசுறது, பார்க்குறது எல்லாம் சரியா இருக்கா டாக்டர்?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.